அடுத்த பெருந்தொற்று வந்தால் கை அறுவைப் பிரிவு எப்படி ஓட வேண்டும்? (2020–21 அனுபவத்தை வைத்து)

துடுப்புக்கை (இழையைத் தொடங்கியவர்)

மாவட்ட மருத்துவமனை அளவில் இருக்கும் ஒரு கை அறுவைப் பிரிவுக்குப் பெருந்தொற்றுக் காலச் செயல்திட்டம் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கம்தான். அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள், கோப்பில் தூங்கும். எதை வைப்பது, எதை விடுவது என்று இங்கே அடித்துப் பேசலாம்.

பின்னணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார் எல்லாம் கோவிட் சிகிச்சைக்குத் திரும்பின. கோவையில் இஎஸ்ஐ மருத்துவமனை முழு கோவிட் மருத்துவமனை ஆனது. தொழிற்சாலையில் அடிபட்ட கை வழக்கமாகப் போய்ச் சேருகிற வாசல் இஎஸ்ஐ என்பதை மறக்க வேண்டாம். உலக அளவில் உச்சத்தின் 12 வாரத்தில் மட்டும் 2 கோடியே 84 லட்சம் திட்டமிட்ட அறுவைகள் தள்ளிப்போகும் என்று கோவிட்சர்ஜ் ஆய்வுக் குழு 2020 மே மாதம் கணக்கிட்டது.

என் வரைவில் மூன்று கூடை:

உடனே: துண்டான விரல், ரத்த ஓட்டம் நின்ற கை, கம்பார்ட்மென்ட் (தசை உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுவது), டெண்டன் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) உறைக்குள் சீழ், திறந்த முறிவு, கிரீஸ் கன் அல்லது பெயின்ட் கன் உயர் அழுத்தத்தில் உள்ளே பீய்ச்சியது.

பத்து நாளுக்குள்: அறுந்த டெண்டன், அறுந்த நரம்பு, விலகிய முறிவு.

அலை ஓய்ந்த பிறகு: கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது), ட்ரிகர் ஃபிங்கர் (மடக்கிய விரல் மாட்டிக்கொள்வது), கேங்லியன் (நீர்க்கட்டி), டுபுய்ட்ரன் (உள்ளங்கைத் திசு தடித்து விரல் மடங்கிப்போவது), பழைய காயங்களின் சீரமைப்பு.

ஓட்டை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

---

கம்பிக்காரன்

கூடையில் ஓட்டை இல்லை டாக்டர். கூடை பிரிப்பதோடு திட்டம் முடிந்துவிடுகிறது, அதுதான் ஓட்டை. 2020-ல் உடைந்தது அறுவைக்கு பிறகு உள்ள பகுதி. கை அறுவையில் மேசையில் ஒரு மணி நேரம், அதற்குப் பின் பன்னிரண்டு வாரம். தையல் பிரிக்க, கட்டு மாற்ற, கம்பி எடுக்க, பயிற்சி பார்க்க என்று ஒரு சாதாரணக் கேஸுக்கு ஆறேழு முறை வர வேண்டும். பஸ் கிடையாது. மாவட்டம் தாண்ட இ-பாஸ். அந்த ஆறேழு வருகையில் எத்தனையை முதல் அறுவையிலேயே வெட்டிவிட முடியும் என்பதைத்தான் உங்கள் முதல் பக்கம் சொல்ல வேண்டும்.

கே-ஒயரை (முறிந்த எலும்பைப் பிடித்துவைக்கும் மெல்லிய கம்பி) எடுத்துக்கொள்ளுங்கள். விரலெலும்புக்கு 1.0 அல்லது 1.2 மி.மீ., உள்ளங்கை எலும்புக்கு 1.5 மி.மீ. மூன்று நான்கு வாரத்தில் எடுக்க வேண்டிய கம்பி எட்டு, பத்து வாரம் உள்ளே இருந்தால் என்ன ஆகும்? துளை வழியே நீர் கசியும், கம்பி தளரும், தளர்ந்த கம்பி அசைய அசையத் தொற்று எலும்புக்கு இறங்கும். மூட்டைக் கடந்து போட்ட கம்பியானால் மூட்டு இறுகிவிடும், பிறகு அதைத் திறப்பது முறிவைச் சரிசெய்ததைவிடப் பெரிய வேலை.

எல்லாக் கம்பியையும் தோலுக்கடியில் புதைத்துவிடலாமே என்று அப்போது சிலர் ஆரம்பித்தார்கள். தொற்று குறையும், சரி. ஆனால் எடுக்க மறுபடி மரப்பூசி, கீறல், தியேட்டர். பெருந்தொற்றில் அது தலைகீழ் யோசனை. வெளியே விடுங்கள். தோலுக்கும் வளைவுக்கும் நடுவே 5 முதல் 8 மி.மீ. இடம் இருக்கட்டும், வீக்கம் வந்தால் வளைவு தோலுக்குள் அமிழக் கூடாது. 90 டிகிரி வளைத்து, நுனியை மூடிவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்துவிடலாம். மரப்பூசி வேண்டாம், கிருமி நீக்கிய பிளையர் போதும். நேராகப் பிடுங்காமல் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சுழற்றிக்கொண்டே இழுக்க வேண்டும்.

அங்கே நடக்கிற தவறு ஒன்றே ஒன்று: மூன்று கம்பியில் இரண்டை எடுத்துவிட்டு அனுப்பிவிடுவது. கட்டுக்கடியில் ஒன்று மறைந்திருக்கும். அதனால் கடிதத்தில் “கே-ஒயர் ரிமூவல்” என்று மொட்டையாக எழுதாதீர்கள். “மொத்தம் 3, எடுக்க வேண்டிய தேதி இது” என்று எழுதி, கை படம் வரைந்து மூன்று புள்ளி வையுங்கள். எடுத்த கம்பியை எண்ணிப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. இந்த முறிவுக்குக் கம்பியே வேண்டுமா? சுண்டுவிரல் உள்ளங்கை எலும்பின் கழுத்து முறிவு, விரல் முறுக்கித் திரும்பவில்லை என்றால் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டி அசைக்கச் சொல்லி அனுப்பிவிடலாம். இங்கிலாந்தில் தொலைபேசி வழி எலும்புமுறிவு கிளினிக்குகள் இதைப் பெருந்தொற்றுக்கு முன்பே செய்துகொண்டிருந்தன. நாம்தான் எல்லாவற்றுக்கும் மாவுக்கட்டு போட்டு மறுபடி மறுபடி வரவைத்தோம்.

---

நுண்தையல்

கம்பிக்காரன் சொன்னதோடு தோல் தையலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்கும் விரலுக்கும் 5-0 ரேபிட் விக்ரில் (தானே கரையும் நூல்). பத்து, பதினான்கு நாளில் தானே உதிரும். நைலானைவிட விலை அதிகம்தான். ஆனால் ஒரு வருகை மிச்சம். ஆட்டோ வைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வருகிறவரின் கணக்கில் பார்த்தால் அது மலிவு.

---

மரப்பூசி

மயக்கவியல் பக்கத்திலிருந்து. பெருந்தொற்றில் கை அறுவையைக் காப்பாற்றியது வாலன்ட் முறை. நோயாளி விழித்திருப்பார், லோக்கல் மட்டும், டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்தக் கையில் இறுக்கும் பட்டை) கிடையாது. கனடாவின் டான் லலோண்ட் இதைப் பல ஆண்டாகச் சொல்லிவந்தார். 2020-ல் வென்டிலேட்டரும் மயக்க மருத்துவரும் ஐசியுவுக்குப் போன பிறகுதான் பலர் காது கொடுத்தார்கள். டியூப் போடுவதில்லை என்பதால் மூச்சுத் துளி பரவும் பயம் குறைவு, முன்பரிசோதனைகள் குறைவு, அன்றே வீடு.

ஆனால் “லோக்கல்தானே” என்று அலட்சியமாகக் கலந்தால் வினை. கலவையைத் துல்லியமாகத் திட்டத்தில் எழுதுங்கள்:

2% சாதா லிக்னோகெயின் 25 மி.லி. + சலைன் 25 மி.லி. + அட்ரினலின் (1 மி.லி.-க்கு 1 மி.கி. ஆம்பியூல்) 0.5 மி.லி. + சோடியம் பைகார்பனேட் 5 மி.லி. இது கிட்டத்தட்ட 1% லிக்னோகெயின், 1 லட்சத்துக்கு 1 அட்ரினலின். பைகார்பனேட் எரிச்சலைக் குறைக்கும். நம் ஊரில் அது 7.5% ஆம்பியூலாக வருகிறது, அந்த அளவே போதும். லிக்னோகெயினுக்குப் பதில் புபிவகெயினில் பைகார்பனேட் ஊற்றினால் பால்போலத் திரிந்து படியும். அதைச் செலுத்தாதீர்கள்.

உச்ச அளவு அட்ரினலினோடு கிலோவுக்கு 7 மி.கி. 50 கிலோ ஆளுக்கு 350 மி.கி., அதாவது 1% கலவையில் 35 மி.லி. கார்ப்பல் டனலுக்கு 20 மி.லி., ட்ரிகர் ஃபிங்கருக்கு 4, 5 மி.லி. போதும். மடக்கும் டெண்டனுக்கு உள்ளங்கையில் 10 மி.லி., விரலின் முதல் இரண்டு கணுவுக்குத் தலா 2 மி.லி., நுனிக்கு 1 மி.லி. 27 கேஜ் ஊசி, மெதுவாக.

பிறகு காத்திருங்கள். மரத்துப்போக ஐந்து நிமிடம் போதும், ரத்தம் அடங்க 25 முதல் 30 நிமிடம் ஆகும். “வாலன்ட் செய்தேன், ரத்தக்குளமாக இருந்தது” என்பவர்களில் பாதிப்பேர் பத்தாவது நிமிடம் கத்தி வைத்தவர்கள். வெளியே பெஞ்சில் மூன்று பேருக்கு வரிசையாக ஊசி போட்டுவிட்டு முதல் ஆளை உள்ளே எடுத்தால் இந்த அரைமணி வீணாகாது. தூரம் விட்டு உட்காரவைக்க இடம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல் வெளுத்தே இருந்தால் ஃபென்டோலமைன் (அட்ரினலினுக்கு மாற்று மருந்து) 1 மி.கி., சலைனில் கலந்து, வெளுத்த இடமெல்லாம். ஆம்பியூல் கையிருப்பில் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே ரத்த ஓட்டம் சந்தேகமான விரலில் இந்த முறையே வேண்டாம்.

---

தியேட்டர்_சிஸ்டர்

சார், அந்த 0.5 மி.லி. இருக்கே, அங்கதான் கைதவறும். அவ்வளவு சின்ன அளவுக்கு எல்லாரும் இன்சுலின் சிரிஞ்சைத்தான் எடுப்பாங்க. நம்ம ஊர்ல யு-40 சிரிஞ்சும் இருக்கு, யு-100 சிரிஞ்சும் இருக்கு. 0.5 மி.லி. யு-40-ல 20 கோடு, யு-100-ல 50 கோடு. “அம்பது வரைக்கும் இழு”ன்னு வாய்ல சொல்லக் கூடாது. 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சு, மி.லி. கோடு போட்டது, அது மட்டும்தான் ட்ரேயில இருக்கணும்.

இன்னொண்ணு, அட்ரினலின் முழு ஆம்பியூலையும் 10 மி.லி. சிரிஞ்சுல விட்டுட்டா அது பத்து மடங்கு. கலந்த கிண்ணத்துல லேபிள் ஒட்டாம டேபிள்ல வைக்கக் கூடாது. சலைனும் அதே நிறம்தான்.

தியேட்டர் காத்து பத்தி யாரும் சொல்லல. ஜிஏ (முழு மயக்கம்) கேஸ்ல டியூப் போட்ட பிறகும் எடுத்த பிறகும் எவ்வளவு நேரம் வெளிய நிக்கணும்ங்கறது காத்து மாறுற வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 20 தடவை மாறுற தியேட்டர்னா 14 நிமிஷத்துல 99% போயிடும். 12 தடவைன்னா 23 நிமிஷம். 6 தடவைன்னா 46 நிமிஷம். ஸ்ப்ளிட் ஏசி மட்டும் மாட்டின ரூமுக்கு இந்தக் கணக்கே கிடையாது, அது அதே காத்தைத்தான் குளிர வைக்குது. எக்ஸாஸ்ட் போட்டு அளந்து பார்க்காம “இருபது நிமிஷம் போதும்”னு போர்டு எழுதி ஒட்டாதீங்க. நம்பர் தெரியணும்னா பயோமெடிக்கல் இன்ஜினியரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்க, அலை வர்றதுக்கு முன்னாடியே.

---

துடுப்புக்கை

சிஸ்டர், அருமை. யு-40 விஷயம் அப்படியே திட்டத்துக்குள் போகிறது. லூப்பும் (கண்ணில் மாட்டும் உருப்பெருக்கி) என்95-ம் ஒன்றாக எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

---

நுண்தையல்

லூப்புக்கு: கிண்ண வடிவ என்95 மூக்குப் பாலத்தை உயர்த்தும், லூப் மேலே ஏறும், குவியத் தூரம் மாறும். தட்டையாக மடியும் வகை, மூக்குக்கம்பி உள்ளது, மேல் விளிம்பு முழுக்க மைக்ரோபோர் டேப். பனி படிவது நிற்கும். வால்வு வைத்த மாஸ்க் அறுவை அறைக்கு ஆகாது, நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமல் நேராகக் காயத்தின் மேல் இறங்கும். முகத்தகடு வாங்கும்போது நெற்றி ஸ்பாஞ்ச் தடிமனானதாகப் பாருங்கள், லூப்பின் குழல் இடிக்கக் கூடாது.

மைக்ரோஸ்கோப்புக்கு: முகத்தகடு நடக்காது. மூடிய கண்ணாடி போட்டால் கண் ஐபீஸிலிருந்து தள்ளிப்போய்ப் பார்வை வட்டம் சுருங்கும். ரப்பர் கப்பை முழுக்க மடித்துவிடுங்கள். அப்படியும் ஓரம் கொஞ்சம் போகும். 10-0 நைலானை (மிக மெல்லிய தையல் நூல்) அந்த வட்டத்துக்குள் வைத்துப் பழக ஒரு மணி நேரம் கோழித்தொடை ரத்தக்குழாயில் தைத்துப் பாருங்கள். அலை வந்த பிறகு பழகாதீர்கள்.

முழு பிபிஇ உடையில் துண்டான விரலின் ஆறு மணி நேர ஒட்டவைப்பை ஒருவரே முடிப்பது முட்டாள்தனம். எலும்பும் டெண்டனும் ஒரு குழு, ரத்தக்குழாயும் நரம்பும் இன்னொரு குழு.

---

கைப்பயிற்சி_மையம்

கம்பிக்காரன் சாருக்கு ஒரு எதிர்ப்பு. “வருகையை வெட்டு” என்பது கம்பிக்கும் தோல் தையலுக்கும் சரி. மடக்கும் டெண்டனுக்கு அதே கத்தியை வைத்தால் விரல் போய்விடும். வேலூரில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோய்க் கைகளுக்கு டெண்டன் மாற்று தொடங்கிய காலத்திலிருந்தே, அறுவையும் பயிற்சியும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்பதுதான் நம் ஊர்ப் பாடம். பெருந்தொற்றில் பயிற்சியை “அத்தியாவசியமில்லாத புறநோயாளிப் பிரிவு” என்று பூட்டிய இடங்களில் அறுவை நடந்தது, விரல் மடங்கவில்லை.

குறைந்தபட்சம் மூன்று நேர் வருகை. 4 அல்லது 5-ஆம் நாள்: பெரிய கட்டை எடுத்து ஸ்பிளின்ட் (கையைத் தாங்கும் அச்சுக்கட்டு) போட்டு அசைக்கத் தொடங்குவது. 3-ஆம் வாரம். 6-ஆம் வாரம்: ஸ்பிளின்ட் கழற்றுவது. கட்டு மாற்றுவதையும் இதே நாள்களில் கட்டிவிடுங்கள், தனி நாள் வேண்டாம். மற்றதெல்லாம் வீடியோ.

வீடியோ என்றால் “கையைக் காட்டுங்க, மடக்குங்க, சரி, நல்லாருக்கு” என்பதல்ல. முழங்கை மேசையில், முன்கை செங்குத்தாக. போன் பக்கவாட்டில், கை உயரத்தில். ஆள்காட்டி, நடுவிரல் பார்க்கக் கட்டைவிரல் பக்கத்திலிருந்து. மோதிரவிரல், சுண்டுவிரல் பார்க்க எதிர்ப்பக்கத்திலிருந்து. ஒரே பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு விரல் மற்றதை மறைக்கும், மடங்காத விரல் மடங்கியதுபோலத் தெரியும். பள்ளி ஸ்கேலை வைத்து விரல்நுனிக்கும், விரலடியை ஒட்டிய உள்ளங்கை மடிப்புக்கும் உள்ள இடைவெளியை செ.மீ.-ல் படிக்கச் சொல்லுங்கள். வாரா வாரம் அந்த எண்ணை எழுதினால் போதும், கோணமானி வேண்டாம். நேற்று 3 செ.மீ., இன்று திடீரென்று 7 என்றால், வலி இல்லாமல் “டப்”பென்று ஏதோ போனது என்றால், தையல் விட்டுவிட்டது. அன்றே வரவேண்டும்.

வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அது பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் இருக்கும். காலை பத்து மணிக்கு வீடியோ நேரம் கொடுத்துவிட்டு “நோயாளி ஒத்துழைக்கவில்லை” என்று எழுதிய குறிப்புகள் உண்டு. மாலை ஆறுக்கு மேல் வையுங்கள்.

ஸ்பிளின்ட்: மணிக்கட்டு நேராக அல்லது சற்றுப் பின்வளைந்து, விரலடி மூட்டு 50 முதல் 70 டிகிரி மடங்கி, மற்ற மூட்டுகள் நேராக. தெர்மோபிளாஸ்டிக் இல்லாத நாளில் புறங்கைப் பக்கம் மாவு ஸ்லாப் போதும். இருந்தால், அதை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைக்கக் கூடாது, வெந்நீரில் கழுவக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். 60, 70 டிகிரி சூட்டில் இளகும் பொருள் அது. தொற்று பயத்தில் வெந்நீரில் முக்கி எடுத்து, தட்டையான பலகையாக்கிக் கொண்டுவருவார்கள்.

---

கம்பிக்காரன்

ஒப்புக்கொள்கிறேன் மேடம். டெண்டனுக்கு வெட்டு இல்லை. ஆனால் வாலன்டில் டெண்டன் தைத்தால் ஒரு லாபம்: தோல் மூடும் முன் நோயாளியையே மடக்கி நீட்டச் சொல்லலாம். இடைவெளி விழுந்தால் அங்கேயே பிரித்து மறுபடி தைக்கலாம், முடிச்சு உறைவளையத்தில் மாட்டினால் அங்கேயே வளையத்தைத் திறக்கலாம். குறைந்தது நான்கு இழை, 4-0 அல்லது 3-0 நூல், சுற்றிலும் 6-0 நூல். மேசையில் முழுவதும் மடங்கி நீண்டதைக் கண்ணால் பார்த்த நோயாளி வீட்டில் அசைக்கப் பயப்படுவதில்லை.

---

கைப்பயிற்சி_மையம்

அதுவும் சரிதான். மேசையில் இருக்கும்போதே நாங்கள் உள்ளே வந்து பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் முதல் வாரத்து வகுப்பு ஒன்று மிச்சம்.

டெண்டனைப் பத்து நாள் கூடையில் வைத்ததையும் ஆதரிக்கிறேன். ஆனால் அலை உச்சத்தில் அந்தக் கூடைதான் முதலில் “அப்புறம் பார்க்கலாம்” என்று சரியும். மூன்று நான்கு வாரம் தாண்டினால் தசை சுருங்கிவிடும், உறை ஒட்டிக்கொள்ளும். பிறகு நேராகத் தைக்க முடியாது. முதலில் சிலிக்கான் தண்டு, மூன்று மாதம் கழித்து ஒட்டு டெண்டன். ஒரு அறுவை இரண்டாகும், பயிற்சி இரட்டிப்பாகும். தள்ளிப்போட்டால் பாரம் குறையாது. வட்டியோடு திரும்பி வரும்.

---

துடுப்புக்கை

துண்டான விரலுக்கு வருவோம். ஆர்டி-பிசிஆர் முடிவு வரும்வரை காத்திருப்பதா?

---

நுண்தையல்

கூடாது. கையோ முன்கையோ துண்டானால் தசை இருக்கிறது, குளிரூட்டாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. விரலில் தசை இல்லை, குளிரூட்டாமல் 12 மணி நேரம், முறையாகக் குளிரூட்டினால் 24 வரை. மாதிரி எடுத்துவிட்டு, தொற்று உள்ளவர் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ட்ரூநாட் (விரைவுத் தொற்றுப் பரிசோதனை) இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும், அந்த நேரத்தில் துண்டான பகுதியை மைக்ரோஸ்கோப்பின் கீழ் தயார் செய்துகொண்டிருக்கலாம்.

108-க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டிய வரி: சலைனில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்று, பிளாஸ்டிக் பையில் கட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வை. ஐஸ்கட்டி நேராகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும்.

எல்லா விரலையும் ஒட்டவைக்கவும் வேண்டாம். கட்டைவிரல், பல விரல்கள், குழந்தை: கட்டாயம். நசுங்கிய ஒற்றைச் சுண்டுவிரலுக்கு எட்டு மணி நேரத் தியேட்டர், பத்து நாள் படுக்கை, உடன் இருப்பவருக்கும் தொற்று அபாயம் என்றால் வெளிப்படையாகப் பேசி நுனியை மூடிவிடுவதே நியாயம்.

தோல் மூடுவதிலும் இதே கணக்கு. கவட்டையோடு கையை ஒட்டிவைக்கும் கிராயின் ஃப்ளாப் (ரத்த ஓட்டத்தோடு திருப்பும் தோல் மடல்) எளிது, மைக்ரோஸ்கோப் வேண்டாம், ஆனால் மூன்று வாரம் கை அங்கே இருக்கும், பிரிக்க இரண்டாவது அறுவை. தொற்று வார்டு பக்கத்திலேயே இருக்கிற மருத்துவமனையில் மூன்று வாரம் படுக்கை என்றால் முன்கையிலிருந்தே திருப்பும் ஃப்ளாப்பைப் பாருங்கள். ஒரே தடவை, பிராந்திய மரப்பில் (கையை மட்டும் மரக்கவைத்து) முடியும்.

---

மரப்பூசி

பிராந்திய மரப்பு என்றதும் ஒன்று. தொற்று நுரையீரலில் இறங்கியவருக்குக் கழுத்துப் பக்கம் பிளாக் (கை நரம்புகளை மரக்கவைக்கும் ஊசி) போடாதீர்கள். இன்டர்ஸ்கேலினில் (கழுத்தில் போடுவது) அந்தப் பக்க உதரவிதான நரம்பு கிட்டத்தட்ட நிச்சயமாகச் செயலிழக்கும், சூப்ராகிளாவிகுலரிலும் (காறை எலும்புக்கு மேல் போடுவது) கணிசமான பேருக்கு. நன்றாக இருப்பவர் கவனிக்கவே மாட்டார், ஆக்ஸிஜனில் இருப்பவர் அன்றே வென்டிலேட்டருக்குப் போவார். கைக்கு அக்குள் பிளாக் போதும், உதரவிதானத்தைத் தொடாது.

அவசரமில்லாதவற்றைத் தொற்று வந்து ஏழு வாரத்துக்குப் பிறகு வையுங்கள் என்பது 2021-ல் 1,40,231 பேரை வைத்து வந்த கோவிட்சர்ஜ் முடிவு. தொற்றோடு அறுவை செய்தவர்களில் 30 நாளில் 23.8% பேர் இறந்தார்கள் என்ற 2020-ஆம் ஆண்டு எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது பெரிய அறுவைகளும் முழு மயக்கமும் கலந்த எண். லோக்கலில் செய்யும் ட்ரிகர் ஃபிங்கருக்கு அதைக் காட்டிப் பயமுறுத்துவது சரியில்லை.

---

ஷாப்ஃப்ளோர்

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பக்கம் இருந்து ஒரு குறிப்பு. உங்கள் திட்டத்தில் ஊரடங்கு மட்டும்தான் இருக்கிறது. ஊரடங்கு விலகும் வாரத்தைக் காணோம். நாற்பது நாள் நின்ற பவர் பிரஸ்ஸில் பிரேக் லைனிங் துருவும் எண்ணெயும் பிடித்திருக்கும், மிதித்தால் ஒரு அடி அடித்து மேலே நிற்க வேண்டியது இரண்டாவது அடியும் அடிக்கும். ரோலிங் கீ கிளட்ச் உள்ள பழைய மெஷின்களில் இது அதிகம். மெஷினைத் தெரிந்தவர் ஊருக்குப் போயிருப்பார், அந்த இடத்தில் பேக்கிங்கில் இருந்தவர் நிற்பார். உற்பத்திக்கு அவசரம் என்று இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும் பாதுகாப்புப் பொத்தான்களில் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள்.

விசாகப்பட்டினம் வாயுக் கசிவு 2020 மே 7. இரண்டு நாளில், மே 9 அன்று, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆலைகளைத் திரும்பத் திறப்பதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாக வை, உற்பத்தி இலக்கைத் துரத்தாதே என்றது அது. உங்கள் பிரிவும் அந்த முதல் வாரத்துக்கு ஆளையும் தியேட்டரையும் திருப்பிக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். “தளர்வு அறிவித்தாயிற்று, மெதுவாகத் திறப்போம்” என்றால் விரல்கள் முன்னால் வந்துவிடும்.

---

துடுப்புக்கை

இது என் வரைவில் அறவே இல்லை. நன்றி சார்.

---

கம்பிக்காரன்

மூன்றாவது கூடைக்கு ஒரு திருத்தம். கார்ப்பல் டனலில் கட்டைவிரல் சதை வற்ற ஆரம்பித்திருந்தால், மரப்பு இரவும் பகலும் விடாமல் இருந்தால், அதை இரண்டாவது கூடைக்கு ஏற்றுங்கள். வாலன்டில் இருபது நிமிட வேலை, சின்ன அறையில் முடியும். “திட்டமிட்டது” என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வருடம் காக்கவைத்த நரம்பு திரும்ப வராது.

ட்ரிகர் ஃபிங்கருக்கு ஸ்டீராய்டு ஊசி: 2020 தொடக்கத்தில் எதிர்ப்புச் சக்தி குறையுமோ என்று நிறுத்தினார்கள். சிறிய அளவு, ஒரே இடம், அதற்கு அந்தப் பயம் பெரிதல்ல. சர்க்கரை உள்ளவருக்குச் சில நாள் அளவு ஏறும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

---

வார்டு_ரவுண்ட்ஸ்

எல்லோரும் வெளியிலிருந்து வரும் கையைப் பேசுகிறீர்கள். கோவிட் வார்டுக்குள்ளேயே உருவாகும் கையும் உண்டு. மணிக்கட்டின் ரேடியல் தமனியில் லைன் (குழாய்) போட்ட கை, நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) ஓடும் நோயாளி, ரத்தம் உறையும் நோய். மூன்றும் சேர்ந்தால் விரல் நுனிகள் கறுக்கும். லைனை உடனே எடுங்கள், இரத்த உறைவு எதிர்ப்பைப் பாருங்கள், வெட்ட அவசரப்படாதீர்கள். உலர்ந்த கறுப்பு என்றால் எல்லை தெளியும்வரை வாரக்கணக்கில் விடலாம், பல நேரம் உள்ளே உயிர் இருப்பது எதிர்பார்த்ததைவிட அதிகம். ஈரமாகி நாற்றம் வந்தால் கதை வேறு.

குப்புறப் படுக்கவைத்தவர்களின் கை: ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை உடம்போடு. முழங்கையில் உல்நார் நரம்பு அழுந்தும், தோளில் நரம்புப் பின்னல் இழுபடும். தோளை 90 டிகிரிக்கு மேல் தூக்காதீர்கள், முழங்கையடியில் மெத்தை வையுங்கள், இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றுங்கள். டிஸ்சார்ஜ் அன்று “சுண்டுவிரல் மரக்கிறதா, விரலை அகட்ட முடிகிறதா” என்று கேட்கும் ஒரு வரியைச் சுருக்க அறிக்கையில் அச்சடித்து வையுங்கள்.

---

தியேட்டர்_சிஸ்டர்

சர்க்கரைக்காரங்க கை பத்தியும் போடுங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தா கொரோனா வந்துடும்னு மஞ்சள் பத்து போட்டுக்கிட்டு வீட்ல இருந்துட்டு, கை ரெண்டு மடங்கா வீங்கின பிறகு வருவாங்க.

---

நுண்தையல்

சிஸ்டர் சொல்வது சரி. போனில் கேட்க நான்கு கேள்வி: விரல் முழுக்க ஒரே சீராக வீங்கியிருக்கிறதா? தானாகவே பாதி மடங்கி நிற்கிறதா? உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுக அழுத்தினால் வலியா? மற்ற கையால் மெதுவாக நீட்டினால் உயிர் போகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றாலே வரச் சொல்லுங்கள், நான்கும் சேரக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு வலி குறைவாகவே தெரியும், அவரைப் போனில் பார்த்து அனுப்பிவிடாதீர்கள்.

போகிற போக்கில்: கை முழுக்க சானிடைசர் தேய்த்துக்கொண்டு ஈரம் காயாமல் அடுப்பைப் பற்றவைத்த தீக்காயம். சாராய நெருப்பு பகலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அடுப்படியில் சோப்பு போதும் என்று ஒரு சுவரொட்டி.

---

துடுப்புக்கை

வரைவு மாறிவிட்டது. முதல் பக்கத்தில் கூடைகள் கால் பக்கமாகச் சுருங்கின, மிச்சம் முழுக்க “அறுவைக்குப் பின் வருகை அட்டவணை”: எந்தக் காயத்துக்கு எத்தனை நேர் வருகை, எது ஆரம்ப சுகாதார நிலையத்தில், எது வீடியோவில். இரண்டாம் பக்கத்தில் மருந்துக் கலவை, காற்று மாற்ற நேரம், தளர்வு வாரத்துக்கான ஆள் கணக்கு. கம்பிக் கடிதத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் இணைக்கிறேன்: பெயர், எந்தக் கை, கம்பி எண்ணிக்கை, எடுக்கும் தேதி, கை படம்.

---

தியேட்டர்_சிஸ்டர்

படிவம் பார்த்தேன் சார். கை படம் ஒண்ணுதான் போட்டிருக்கீங்க, அது வலது கை. இடது கைக்காரருக்கும் அதையே கொடுத்தா புள்ளி எதிர்ப்பக்கம் விழும். ரெண்டு கையும் வரைஞ்சு, வேண்டாததை அடிச்சு விடுற மாதிரி போடுங்க. ஃபோன் நம்பர் கட்டத்துக்குப் பக்கத்துல “இது யாருடைய போன்”னு ஒரு கட்டமும் வேணும், பாதி நேரம் பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுப்பாரு.